மூன்றாம் லாச்சி

அளுத்கடையில், நீதிமன்ற மதிலுக்கு எதிரே
எட்டடிக்கு ஆறடி என் கடை.
காலையில் கறுப்புக் கோட்டுகள் வரிசையில் நிற்கும்,
கொப்பி எடுக்க.
நாலு மணிக்குப் பிறகு
மெசினின் சூடும் நானும்.

மேசைக்கு மூன்று லாச்சி.
மேலதில் சில்லறை.
நடுவில் முத்திரை, குண்டூசி, மை தீர்ந்த பேனைகள்.
கீழதைப் பற்றி விசாரிக்கத்தான்
இன்று பகல் கிராம சேவகர் வந்தார்.

அது தொடங்கியது ஓர் ஐப்பசி மழையில்.
பியசீலி வந்தாள்,
மகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு.
பத்திரமா அது, தேநீரில் தோய்த்த பாண்.
மின்விசிறிக்குக் கீழே விரித்து
மூலைக்கொன்றாய்ப் பசைப்போத்தல், கத்தரிக்கோல்,
ஸ்டேப்ளர், என் சாப்பாட்டுப் பெட்டி,
பகல் முழுக்கக் காவல் வைத்தோம்.
ஹேமாஷி என்ற பெயரின் கடைசி எழுத்து மட்டும்
நீலப் புகையாய்ப் போயிருந்தது.
லமினேற் பண்ணி நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
'மாத்தையா, இதை நான் எங்கே வைக்க?'

நியாயமான கேள்வி.
என் முழங்காலுக்குப் பக்கத்தில்
ஒரு லாச்சி சும்மாதான் கிடந்தது.

பிறகு வந்தவர்களை நான் கூப்பிடவில்லை.
முடுக்கை இடித்தபோது
மாடிவீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்ட ரொசலின்,
தையல் மெசினுக்குக் கட்டிய தவணைச் சிட்டைகளோடு:
இருபத்திரண்டு கட்டியாயிற்று, இரண்டு பாக்கி,
மெசின் மண்வாரியின் வாயில்.
புறக்கோட்டையில் மூட்டை தூக்கி முதுகு போய்,
முதுகோடு அறையும் போன செபமாலை,
மருந்துச் சிட்டையில் சுற்றிய
அடையாள அட்டை ஒன்றோடு.

தெருவும் தன் பாட்டில் ஏதோ செய்தது.
பக்கத்துக் கடை நௌஷாத்
ஒரு பிளக்கை அவர்களுக்கென்று விட்டான்:
ஒன்பது போன், ஒன்பது நிறத்தில் ரப்பர் வளையம்.
சோற்றுக்கடை லூர்து அக்கா
வேண்டுமென்றே ஒரு சுண்டு அரிசி கூட்டிப் போடுவாள்;
இரவு எட்டு மணிக்கு
'இழவு, இன்றைக்கும் மிஞ்சிப் போச்சு' என்று
தெருக் கேட்கத் திட்டுவாள்.
எதிரே இரும்புக்கடை முதலாளியோ
பூட்டும்போது படியெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்,
யாரும் படுக்காதிருக்க.
அவரும் இந்தத் தெருதான்.

நானும்தான்.
வைகாசி வெள்ளத்தில் ஒரு ராத்திரி
ஷட்டரைத் தட்டினார்கள்.
உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தட்டியது சின்னக் கை,
சத்தத்திலேயே தெரிந்தது.
லைட்டை அணைத்தேன்.
காகிதத்துக்கு இடம் கொடுத்தவன்.
மறுநாள் யாரும் அதைப் பேசவில்லை.
பியசீலி வழக்கம்போலச் சிரித்தாள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கிழமை
பாடசாலைப் படிவத்தில்
'நிரந்தர முகவரி' என்ற கோட்டின் மேல்
என் கடை இலக்கத்தை எழுதினேன்: 41/3.
கிளினிக் கொப்பிக்கும் அதையே கேட்டார்கள்,
உதவிப்பண விண்ணப்பத்துக்கும்,
கடைசியில் வாக்காளர் இடாப்புக்கும்.
இப்போதெல்லாம் தபால்காரர்
கட்டுக்குள் என் கடிதத்தைத்தான்
தேடித் தரவேண்டியிருக்கிறது.

'பதினேழு பேர்' என்றார் கிராம சேவகர்,
பட்டியலை விரலால் தட்டி.
'எட்டுக்கு ஆறில்? எங்கே படுக்கிறார்கள்?'
குனிந்து கீழ் லாச்சியை இழுத்தேன்.
ஈரத்தில் பருத்த பலகை,
இரண்டு தரம் உலுக்கினால்தான் வரும்.

அவர் கண்ணாடியை மாற்றினார்.
ஒவ்வொன்றாய் எடுத்து,
முகமிருந்தால் முகம் பார்த்து,
பெயரை உதட்டுக்குள் வாசித்து,
மேசையில் அடுக்கினார்.
திட்டப் போகிறார் என்றிருந்தேன்.
'பதினாறுதான் இருக்கு' என்றார்.
'ஒராள் எங்கே?'

செபமாலை.
காலையில் அட்டையை வாங்கிக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்.

'வந்தால் எனக்குச் சொல்லு' என்று
பேனையை மூட மறந்து எழுந்து போனார்.

எட்டரை.
மெசின் ஆறிவிட்டது.
லூர்து அக்கா திட்டி முடித்துப்
பானையைக் கவிழ்த்துவிட்டாள்.
ஷட்டரை இன்னும் இறக்கவில்லை.